ஐ5-10400, எச்410 போர்டு: மேக் ஓஎஸ் ஏற்றி ஃபைனல் கட் ஓட்டலாமா?

குடந்தை எடிட்டர்:

வணக்கம். கும்பகோணத்துல கல்யாண வீடியோ, ஆல்பம் வேலை பண்ற ஸ்டூடியோ. ஆடியில முகூர்த்தம் கிடையாது, மெஷினைப் பிரிச்சு மேயறதுக்கு இதை விட்டா நேரம் இல்லை. அதனால இப்பவே கேட்டுடறேன்.

இப்ப இருக்கிறது:
ப்ராசஸர்: இன்டெல் ஐ5-10400 (எஃப் இல்லை, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு)
போர்டு: எச்410, எம்.2 ஸ்லாட் ஒண்ணுதான்
ரேம்: 8+8 ஜிபி
கிராபிக்ஸ்: ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி
டிஸ்க்: எம்.2-ல விண்டோஸ், தனியா 1 டிபி ஹார்டு டிஸ்க்
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை): 450 வாட், லோக்கல் கம்பெனி
நெட்: கேபிள்காரர் கொடுக்கிற ஃபைபர், ரவுட்டர் மாடியில, கீழ வைஃபை டாங்கிள்

இதுலயே மேக் ஓஎஸ் ஏத்தி ஃபைனல் கட் ஓட்டணும். விண்டோஸும் இருக்கணும், ஆல்பம் டிசைன் அதுலதான். எதை மாத்தணும், எந்த வெர்ஷன் போடணும்? "ரெடியா ஏத்தின டிஸ்க் தரேன், மாட்டினா ஓடும்"னு ஒருத்தர் காசு கேக்கறார். அதை நம்பலாமா?

வெண்ணாறு:

ப்ராசஸர் விஷயத்தில் உங்களுக்கு யோகம். ஆப்பிள் தன் ஐமேக்கில் கடைசியாகப் போட்ட இன்டெல், இதே 10ஆம் தலைமுறை காமெட் லேக்தான். 2020இல் வந்த 27 இன்ச் ஐமேக் அது. அதனால் உங்கள் மெஷினை "நான் ஐமேக்20,1" என்று சொல்ல வைத்தால் பெரிய பொய்யாக இருக்காது. 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப்பின் உள் கிராபிக்ஸுக்கு மேக் ஓஎஸ்ஸில் டிரைவரே கிடையாது. 12க்கு மேல் போனால் ப்ராசஸரின் அடையாளத்தையே 10ஆம் தலைமுறையாக மாற்றிக் காட்ட வேண்டும். புதுசு வாங்கி மாட்டிக்கொண்டவர்களை விடப் பழசு வைத்திருக்கும் நீங்கள் பரவாயில்லை.

ஜிடிஎக்ஸ் 1650 போக வேண்டியதுதான். என்விடியாவில் கெப்ளர் தலைமுறைக்கு மட்டும் பிக் சர் (மேக் ஓஎஸ் 11) வரை ஆப்பிளின் டிரைவர் இருந்தது. மான்டரேயில் அதையும் எடுத்துவிட்டார்கள். மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு என்விடியா தந்த வெப் டிரைவர் ஹை சியராவோடு (மேக் ஓஎஸ் 10.13) நின்றது. 1650 டூரிங் தலைமுறை. அதற்கு எந்தக் காலத்திலும் டிரைவர் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. எந்த செட்டிங் மாற்றினாலும் கதை அதேதான்.

ஏஎம்டி கார்டு வாங்கும்போதும் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6600, 6600 எக்ஸ்டி இரண்டும் மான்டரே 12.1 முதல் நேரடியாக ஓடும். 6650 எக்ஸ்டி-க்கு டிவைஸ் ஐடியை மாற்றிக் கொடுக்க வேண்டும். 6800, 6900 ஓடும், ஆனால் உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்காது. நடுவில் உள்ள 6700 எக்ஸ்டி வேறு சிப், அதற்கு ஆப்பிள் டிரைவர் எழுதவில்லை. பெரிய நம்பர் என்றால் ஓடும் என்று நினைத்துப் பலர் மாட்டுவது இங்கேதான். 6400, 6500 எக்ஸ்டி, 7000 வரிசை முழுவதும், இன்டெல் ஆர்க் எதுவும் வேண்டாம். பட்ஜெட் குறைவென்றால் பழைய ஆர்எக்ஸ் 570, 580 ஓடும். ஆனால் சந்தையில் உள்ளதில் பாதி மைனிங்கில் வெந்தது. கார்டின் விபயாஸை (கார்டுக்குள் இருக்கும் பயாஸ்) மைனிங்குக்காக மாற்றியிருந்தால் திரை கறுப்பாக நிற்கும். பழைய விபயாஸை மீண்டும் எழுதினால்தான் சரியாகும்.

வெர்ஷன்: சோனோமா 14 அல்லது செகோயா 15. டஹோ 26 வேண்டாம். இன்டெல் மேக்குகளுக்கு டஹோதான் கடைசி என்று ஆப்பிள் 2025 ஜூனிலேயே அறிவித்துவிட்டது. அதில் அனலாக் ஆடியோவுக்கான ஆப்பிள்எச்டிஏ டிரைவரையும் நீக்கிவிட்டார்கள். போர்டின் ஆடியோ ஜாக்கில் சத்தம் வரச் சிஸ்டம் பார்ட்டிஷனையே பேட்ச் செய்ய வேண்டும், இல்லை யூஎஸ்பி சவுண்டு கார்டு மாட்ட வேண்டும். எடிட்டிங் மெஷினுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

ரெடிமேட் டிஸ்க் பற்றி: மேக் ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரான ஓப்பன்கோரின் செட்டிங் போர்டுக்குப் போர்டு மாறும். அந்த டிஸ்க் எந்த போர்டுக்குச் செய்தது, எந்தெந்த பேட்ச் உள்ளே இருக்கிறது, யாருடைய சீரியல் நம்பர் அதில் உட்கார்ந்திருக்கிறது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஒரே சீரியலைப் பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்துப் பேரின் ஆப்பிள் ஐடியும் ஐமெசேஜில் மாட்டும். அதோடு, ஆப்பிள் முத்திரை உள்ள கணினியில் மட்டுமே நிறுவ வேண்டும் என்பதுதான் மேக் ஓஎஸ் உரிமத்தின் நிபந்தனை. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற கம்பெனி இப்படி ஏற்றி விற்றது. ஆப்பிள் 2008இல் வழக்குப் போட்டு ஜெயித்தது. நீங்கள் வீட்டில் செய்தாலும் நிபந்தனை அதேதான், தெரிந்து செய்யுங்கள். காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள்.

அரசலாறு:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. கார்டு, நல்ல எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, யூபிஎஸ், இந்த நாலையும் கூட்டுங்க. மேக் மினி எம்4 இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபி ரேமோட. மானிட்டர், கீபோர்டு உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. எம்4-ல எச்.264, எச்இவிசி, புரோரெஸ் எல்லாத்துக்கும் சிப்புக்குள்ளேயே தனி எஞ்சின். ஃபைனல் கட் 11-ல வந்த தானியங்கி கேப்ஷன் மாதிரி வசதிகள் ஆப்பிள் சிலிக்கான்ல மட்டும்தான். உங்க இன்டெல் பெட்டியில அந்த பட்டனே வேலை செய்யாது.

என் அபிப்பிராயம்: கையில இருக்கிற மெஷின்ல ஒரு கார்டு மட்டும் மாத்தி ஓட்டறதா இருந்தா ஹேக்கின்டாஷ் (ஆப்பிள் அல்லாத மெஷின்ல மேக் ஓஎஸ்) நியாயம். புதுசா போர்டு, ப்ராசஸர் வாங்கித்தான் பண்ணணும்னா மேக் மினி வாங்கிட்டுப் போயிடுங்க. முகூர்த்த சீசன்ல வியாழக்கிழமை அப்டேட் போட்டு வெள்ளிக்கிழமை பூட் ஆகலைன்னா பொண்ணு வீட்டுக்கு யார் பதில் சொல்றது?

குடந்தை எடிட்டர்:

ரெண்டு பேருக்கும் நன்றி. மினி கணக்கு புரியுது, அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்ப போர்டும் ப்ராசஸரும் சும்மா கையில இருக்கறதால 6600 ஒண்ணு ரிச்சி ஸ்ட்ரீட்ல சொல்லி வரவழைக்கிறேன். அது வர்றதுக்குள்ள 1650-ஐ வெச்சே ஏத்திப் பார்க்க வழி உண்டா? எஸ்எம்பிஎஸ் அதே 450 போதுமா? வைஃபைக்கு என்ன பண்றது?

வெண்ணாறு:

ஏற்றிப் பார்க்கலாம். மானிட்டர் கேபிளை 1650-இலிருந்து பிடுங்கி போர்டின் எச்டிஎம்ஐயில் செருகுங்கள். பயாஸில் உள் கிராபிக்ஸை எனேபிள் செய்து, முதல் டிஸ்ப்ளேவாக அதையே வையுங்கள். பூட் ஆர்க்யுமென்ட்டில் (ஓப்பன்கோர் கான்ஃபிக் ஃபைலில் எழுதும் பூட் கட்டளை வரி) "-வெக்நோஇஜிபியூ" சேர்த்தால் 1650-ஐ மேக் ஓஎஸ் கண்டுகொள்ளாது. உங்கள் யூஎச்டி 630 மட்டும் வைத்தே நிறுவிவிடலாம். 4கே எடிட்டிங்குக்கு அது போதாது, அதுவரை சோதனைக்குத்தான்.

பென் டிரைவ் செய்வதற்கு முன், விண்டோஸிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: யூஎஸ்பி மேப்பிங். இதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்து ஸ்லீப்பிலிருந்து மெஷின் எழவில்லை, கார்டு ரீடர் மெதுவாக ஓடுகிறது என்று வருகிறார்கள். மேக் ஓஎஸ் ஒரு கண்ட்ரோலருக்கு 15 போர்ட் வரைதான் ஏற்கும். ஒவ்வொரு நீல யூஎஸ்பி 3 துளையும் கணக்கில் இரண்டு போர்ட், ஏனென்றால் 2.0 வேகத்துக்கு ஒன்று, 3.0 வேகத்துக்கு ஒன்று. பெரிய போர்டு ஒன்றில் பின்பக்கம் நான்கு நீலம் என்றால் 8, முன்பக்கம் இரண்டு நீலம் 4, பின்னால் இரண்டு கறுப்பு 2. அதற்குள் 14 ஆகிவிட்டது. ப்ளூடூத் சேர்த்தால் 15. அதற்கு மேல் போர்டு காட்டும் எதையும் வெட்டியாக வேண்டும். வரம்பைத் தளர்த்தும் எக்ஸ்எச்சிஐபோர்ட்லிமிட் என்ற செட்டிங் பிக் சர் 11.3-க்குப் பிறகு பலிக்காது.

யூஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற இலவச டூலை விண்டோஸில் ஓட்டுங்கள். ஒவ்வொரு துளையிலும் முதலில் பழைய 2.0 பென் டிரைவ், பிறகு 3.0 பென் டிரைவ் செருகி எடுங்கள். டூல் எந்தத் துளை எந்த எண் என்று குறித்துக்கொள்ளும். வேண்டாததை டிக் எடுத்து, ப்ளூடூத் போர்ட்டை "இன்டர்னல்" என்று மாற்றி, மேப் கெக்ஸ்ட்டாக (கெக்ஸ்ட் என்பது மேக் ஓஎஸ்ஸின் டிரைவர் ஃபைல்) சேமியுங்கள். கேமரா கார்டு ரீடர் செருகும் துளையை மட்டும் தவறியும் வெட்டிவிடாதீர்கள்.

இனி பென் டிரைவ். 16 ஜிபி ஒன்றை எஃப்ஏடி32-ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ஓப்பன்கோர் பொதியில் யூட்டிலிட்டீஸ் ஃபோல்டருக்குள் மேக்ரெகவரி என்ற பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கும். அது ஆப்பிள் சர்வரிலிருந்தே ரெகவரி ஃபைலை இறக்கும். பென் டிரைவில் "காம்.ஆப்பிள்.ரெகவரி.பூட்" ஃபோல்டரும் ஓப்பன்கோர் உள்ள "இஎஃப்ஐ" ஃபோல்டரும் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். இஎஃப்ஐ உள்ளே டிரைவர்ஸில் ஓப்பன்ரன்டைம், எச்எஃப்எஸ்பிளஸ் இரண்டும் கட்டாயம். பின்னது இல்லாவிட்டால் ரெகவரி மெனுவிலேயே தெரியாது. ஏசிபிஐயில் பிளக், ஈசி-யூஎஸ்பிஎக்ஸ், ஏவாக் என்ற மூன்று எஸ்எஸ்டிடி (போர்டின் விவரத்தை மேக் ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் சிறு ஃபைல்கள்). கெக்ஸ்ட்ஸில் லிலு, விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி, உங்கள் லேனுக்கு ரியல்டெக்ஆர்டிஎல்8111, மேப்பிங் கெக்ஸ்ட். லேன் சிப்பின் பெயரை விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் சரிபாருங்கள். இன்டெல் லேன் என்றால் இன்டெல்மவுசி. கான்ஃபிக் ஃபைலில் லிலு முதலில் வர வேண்டும். விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி மூன்றும் அதன் தோளில் ஏறித்தான் ஓடுகின்றன.

கான்ஃபிக் ஃபைலைத் திருத்த ப்ராப்பர்ட்ரீ போதும். அலங்காரமான ஜியூஐ எடிட்டர்கள் வேண்டாம். ஓப்பன்கோர் வெர்ஷன் ஏறினால் அவை பழைய சாவிகளை எழுதி ஃபைலையே கெடுத்துவிடும். முடித்ததும் அதே பொதியில் உள்ள ஓசிவேலிடேட்டை ஓட்டிப் பாருங்கள்.

பயாஸில் ஆஃப் செய்ய வேண்டியவை: ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சிஎஸ்எம், சீரியல் போர்ட், விடி-டி, சிஎஃப்ஜி லாக் (ப்ராசஸரின் பவர் செட்டிங்கை மாற்றவிடாத பூட்டு). ஆன் செய்ய வேண்டியவை: அபவ் 4ஜி டீகோடிங், எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப், ஏஎச்சிஐ மோட், டிவிஎம்டி (உள் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேம்) 64 எம்பி. எச்410 போர்டு பலவற்றில் டிவிஎம்டி, சிஎஃப்ஜி லாக் இரண்டையும் காட்டுவதில்லை. டிவிஎம்டி இல்லையென்றால் கான்ஃபிக்கில் ஃப்ரேம்பஃபர்-ஸ்டோலன்மெம் 00003001 கொடுங்கள். சிஎஃப்ஜி லாக் இல்லையென்றால் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக் குவர்க் செட்டிங்கை யெஸ் ஆக்குங்கள். செக்யூர் பூட்டைத் தொடும் முன் விண்டோஸில் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் மறுமுறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அதை எங்கே வைத்தோம் என்று யாருக்குமே ஞாபகம் இருப்பதில்லை.

எம்.2 ஸ்லாட் ஒன்றுதான் என்பதால் மேக்குக்குத் தனி 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜிபி. ஒரே டிஸ்கைப் பிரித்து இரண்டையும் போடாதீர்கள். விண்டோஸ் செய்யும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் வழக்கமாக 100 எம்பிதான். மேக் டிஸ்க் யூட்டிலிட்டி 200 எம்பி கேட்டு, "இடம் போதவில்லை" என்று நிற்கும். நிறுவும்போது விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டால் கை தவறி அழிக்கும் பயமும் இல்லை. நிறுவிய பிறகு டெர்மினலில் ட்ரிம்ஃபோர்ஸ் எனேபிள் கொடுங்கள். ஆப்பிள் அல்லாத சாட்டா எஸ்எஸ்டிக்கு ட்ரிம் (அழித்த ஃபைலின் இடம் காலி என்று டிஸ்குக்குச் சொல்லும் வசதி) தானாக ஆன் ஆகாது.

ரெகவரி பென் டிரைவில் முழு ஓஎஸ் கிடையாது. நிறுவும் நேரத்தில் இன்னும் 12, 13 ஜிபி இறங்கும், நடுவில் நெட் அறுந்தால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்துதான். ராத்திரி பத்துக்கு மேல், லேன் கேபிளில் மட்டும். ஆண்ட்ராய்டு போனின் யூஎஸ்பி டெதரிங் மேக்கில் தானாக வேலை செய்யாது. உங்கள் டாங்கிளும் அங்கே சும்மா தொங்கும்.

வைஃபைக்கு என் பதில், மாடியிலிருந்து கேட்-6 கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள். பிராட்காம் சிப் உள்ள ஃபென்வி டி919 கார்டு வென்ச்சுரா வரை அப்படியே ஓடியது. சோனோமாவில் ஆப்பிள் அதன் டிரைவரை எடுத்துவிட்டதால் ஓப்பன்கோர் லெகசி பேட்சரால் ரூட் பேட்ச் போட வேண்டும். அதற்கு எஸ்ஐபி என்ற சிஸ்டம் ஃபைல் பாதுகாப்பைப் பாதி தளர்த்தி (03080000), செக்யூர்பூட்மாடலை டிஸேபிள் செய்ய வேண்டும். சிஸ்டம் வால்யூமின் சீல் உடைந்துவிடுவதால் சின்ன அப்டேட் கூட முழு ஓஎஸ் அளவுக்கு இறங்கும், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் பேட்ச் திரும்பப் போட வேண்டும். இன்டெல் கார்டு என்றால் ஐடிஎல்டபிள்யூஎம் கெக்ஸ்ட்டும் ஹெலிபோர்ட் ஆப்பும் போதும், ஆனால் ஏர்டிராப் வராது. மாப்பிள்ளை வீட்டு ஐபோனிலிருந்து கிளிப் எடுக்க ஏர்டிராப்தான் வேண்டும் என்றில்லை. கேபிள் செருகி இமேஜ் கேப்சரில் இறக்கினாலே போதும்.

6600 வந்ததும் "-வெக்நோஇஜிபியூ"-வை எடுத்துவிட்டு "ஏஜிடிபிமாட்=பிகேரா" சேருங்கள். சேர்க்காவிட்டால் லோகோ ஓடி முடிந்து திரை கறுத்துவிடும். கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உள் கிராபிக்ஸை ஆஃப் செய்யவும் கூடாது. திரைக்கான பிளாட்ஃபார்ம் ஐடியை எடுத்துவிட்டு, காமெட் லேக்குக்கு உரிய ஹெட்லெஸ் (திரை இல்லாத) ஐடியைக் கொடுங்கள். அசல் ஐமேக்கிலும் இன்டெல் கிராபிக்ஸ் திரைக்குப் போகாமல் எச்.264, எச்இவிசி வேலைக்கு மட்டும்தான் இருந்தது. ஐமேக்20,1 அடையாளத்தில் அதே அமைப்பை ஃபைனல் கட் எதிர்பார்க்கும்.

கோடியக்கரை:

எஸ்எம்பிஎஸ் கேள்வி அப்படியே நிக்குது, நான் சொல்றேன். 6600 கார்டுக்கு 132 வாட், ஐ5-10400-க்கு 65 வாட்னு போட்டிருக்கும். டர்போல ஏறும்போது அது ரெண்டு மடங்குக்குப் போகும். மத்ததெல்லாம் சேர்த்தா எக்ஸ்போர்ட் நேரத்துல 300 வாட்டுக்குள்ள. அசல் 450 வாட்டா இருந்தா தாராளம். ஸ்டிக்கர்ல 450-ம் உள்ள 250-மா இருக்கிற சரக்குதான் பிரச்சினை. அடையாளம் சுலபம்: பக்கவாட்டு ஸ்டிக்கர்ல +12வி-க்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 12-ஆல பெருக்குங்க. 350-க்குக் கீழ வந்தா மாத்திடுங்க. உங்க 1650 ஸ்லாட் கரண்ட்லயே ஓடற மாடலா இருந்தா அந்த எஸ்எம்பிஎஸ்ல 8 பின் பிசிஐஇ ஒயரே இருக்காது. கடையில "கன்வர்ட்டர் போட்டுக்கலாம் சார்"னு சாட்டாவிலிருந்து 8 பின் ஒயர் கொடுப்பாங்க, வாங்காதீங்க. சாட்டா கனெக்டர் 12 வோல்ட்ல 54 வாட்தான் தாங்கும். பிளாஸ்டிக் உருகி நாத்தம் வரும்போதுதான் தெரியும். 80 பிளஸ் பிரான்ஸ், 550 வாட் ஒண்ணு போடுங்க.

அடுத்தது யூபிஎஸ். குறுவைக்குத் தண்ணி வந்து சுத்துவட்டாரத்துல பம்புசெட் எல்லாம் ஓட ஆரம்பிச்சா லைன்ல வோல்டேஜ் இறங்கும், சாயந்திரம் லைட் மங்கறதைப் பார்த்தாலே தெரியும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான், மானிட்டரையும் சேர்த்தா எக்ஸ்போர்ட்ல மூச்சு முட்டும். 1000 விஏ எடுங்க. நல்ல எஸ்எம்பிஎஸ்ல ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கும், அதுக்கு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஒத்துக்காது. கரண்ட் மாறற நொடியில மெஷின் ஆஃப் ஆகும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறதா இருந்தா சைன் வேவ்தானான்னு கேட்டுக்கோங்க. யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ்ஸா கிடைச்சா நல்லது. பெரும்பாலானதை மேக் ஓஎஸ் டிரைவர் இல்லாமலே அடையாளம் கண்டு, பேட்டரி தீரும்போது தானா ஷட்டவுன் பண்ணும்.

இன்னொண்ணு, போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி. 10ஆம் தலைமுறை போர்டுன்னா அதுக்கு இப்ப வயசாச்சு. அது செத்து, மெயின்ஸும் போனா பயாஸ் டிஃபால்ட்டுக்குப் போயிடும். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, ஆனா சிஎஸ்எம் ஆன் ஆகி, அபவ் 4ஜி ஆஃப் ஆகி மேக் பக்கம் அப்படியே நின்னுடும். "நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னிக்கு ஓடல"ங்கற புகார்ல நிறைய இந்த அம்பது ரூபா பேட்டரிதான். இப்பவே புதுசு போட்டு, பயாஸ் செட்டிங்கை ப்ரொஃபைலா பென் டிரைவ்ல சேமிச்சு வெச்சுடுங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்கிறவங்க உப்புக்காத்துக்கு ரேம், கார்டு கான்டாக்ட்டையும் அப்பப்ப ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைக்கணும். கும்பகோணத்துக்கு அது அவ்வளவா தேவைப்படாது.

குடந்தை எடிட்டர்:

பேட்டரி மாத்தியாச்சு, மேப்பிங் முடிஞ்சுது. பென் டிரைவ்ல பூட் பண்ணா கறுப்புத் திரையில வரிகள் ஓடி "இபி, லாக், எக்ஸிட்பிஎஸ், ஸ்டார்ட்"ங்கற வரியில நிக்குது. பத்து நிமிஷம் பார்த்தும் நகரலை. சிஎஃப்ஜி லாக் ஆப்ஷன் பயாஸ்ல கிடையாது.

வெண்ணாறு:

அந்த வரி பூட்லோடர் கையை விட்டுக் கெர்னல் பொறுப்பேற்கும் இடம். அங்கே நின்றால் பென் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

சிஎஃப்ஜி லாக் ஆப்ஷன் பயாஸில் இல்லை என்றால் லாக் ஆனில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் பகுதியில் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக் யெஸ் ஆகியிருக்கிறதா? பெரும்பாலும் இதுதான். அடுத்து பூட்டர் பகுதியில்: எனேபிள்ரைட்அன்ப்ரொடெக்டர் நோ, ரீபில்ட்ஆப்பிள்மெமரிமேப் யெஸ், சிங்க்ரன்டைம்பெர்மிஷன்ஸ் யெஸ், டீவர்ச்சுவலைஸ்எம்எம்ஐஓ யெஸ், செட்டப்வர்ச்சுவல்மேப் நோ. பழைய 8, 9ஆம் தலைமுறை கான்ஃபிக்கைக் காப்பி அடித்திருந்தால் கடைசியில் சொன்னது யெஸ்ஸில் இருக்கும். அபவ் 4ஜி ஆனில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பேட்டரி மாற்றியபோது பயாஸ் டிஃபால்ட் ஆகியிருக்கும் அல்லவா?

மாற்றியதும் ஓப்பன்கோர் மெனுவில் ரீசெட் என்விரேம் ஒருமுறை கொடுத்துவிட்டு பூட் செய்யுங்கள். பூட் ஆர்க்யுமென்ட்டில் "-வி", "கீப்சிம்ஸ்=1", "டீபக்=0எக்ஸ்100" மூன்றும் இருந்தால் அடுத்து எங்கே நின்றாலும் காரணம் திரையிலேயே தங்கும். நிறுவும்போது மெஷின் மூன்று நான்கு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும்; ஒவ்வொரு முறையும் மெனுவில் "மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்" என்பதையே தேர்ந்தெடுங்கள், ரெகவரியை அல்ல.

குடந்தை எடிட்டர்:

சிஎஃப்ஜி லாக்தான் சார்! சோனோமா ஏறிடுச்சு. டெஸ்க்டாப் வந்துடுச்சு. இப்ப மூணு சின்ன விஷயம்: ஸ்பீக்கர்ல சத்தம் இல்லை. விண்டோஸுக்குத் திரும்பினா கடிகாரம் தப்பாக் காட்டுது. தமிழ் டைட்டில் போட பாமினி ஃபான்ட் ஓடுமா? அப்டேட் பட்டனை அமுக்கலாமா?

வெண்ணாறு:

மூன்று என்று சொல்லி நான்கு கேட்டிருக்கிறீர்கள்.

சத்தம்: போர்டின் ஆடியோ சிப் (கோடெக்) ஏஎல்சி897 என்றால் பூட் ஆர்க்யுமென்ட்டில் "ஏஎல்சிஐடி=11" போட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். வராவிட்டால் 12, 13, 21, 23 என்று ஒவ்வொன்றாக. 887 என்றால் 1, 2, 3-இல் தொடங்குங்கள். பின்பக்கப் பச்சை ஜாக்கில் சத்தமும் முன்பக்க ஹெட்போனில் சத்தமும் இரண்டும் வரும் எண்ணே சரியான எண்.

கடிகாரம்: ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மேக் ஓஎஸ் போர்டின் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் கீழ் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற டிவேர்டை 1 என்று சேர்த்தால் தீர்ந்தது. இந்த நேரக் குழப்பத்தில் ஜிஎஸ்டி பில் சாஃப்ட்வேர் தேதி மாறிவிடும், அதனால் இன்றே செய்யுங்கள். விண்டோஸை ஓப்பன்கோர் மெனு வழியாகத் திறக்காமல் போர்டின் பூட் மெனுவிலிருந்தே திறப்பது நல்லது. இல்லாவிட்டால் ஐமேக் அடையாளம் விண்டோஸுக்கும் போய் ஆக்டிவேஷனைக் குழப்பலாம்.

ஃபான்ட்: பாமினி ஒரு டிடிஎஃப் ஃபைல்தான், ஃபான்ட் புக்கில் ஏற்றினால் ஆங்கிலக் கீபோர்டிலேயே அதே விசைகளில் தட்டலாம். புது டைட்டிலை யூனிகோடில் போடுங்கள். தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டும் மேக்கிலேயே இருக்கின்றன, தமிழ் சங்கம் எம்என், இணைமதி ஃபான்ட்டும் கூடவே வருகின்றன.

அப்டேட்: ஐமேக்20,1 ஆப்பிளின் டி2 பாதுகாப்பு சிப் உள்ள மாடல். செக்யூர்பூட்மாடல் டிஸேபிளில் இருந்தால் சோனோமா 14.4க்குப் பிறகு அப்டேட்டே கண்ணில் படாது. ரெஸ்ட்ரிக்ட்ஈவென்ட்ஸ் கெக்ஸ்ட் சேர்த்து "ரெவ்பேட்ச்=எஸ்பிவிஎம்எம்" கொடுத்தால் வரும். அமுக்குவதற்கு முன் ஓப்பன்கோரையும் கெக்ஸ்ட்டுகளையும் புது வெர்ஷனுக்கு மாற்றி, பென் டிரைவில் வைத்து பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் டிஸ்கில் உள்ள இஎஃப்ஐக்குக் காப்பி. பழைய இஎஃப்ஐயோடு வேறொரு பென் டிரைவ் எப்போதும் டிராயரில் இருக்கட்டும்.

அரசலாறு:

அண்ணே, டிஸ்க் விஷயமும் ஒண்ணு. அந்த 1 டிபி ஹார்டு டிஸ்க் விண்டோஸ் என்டிஎஃப்எஸ்-ல இருக்கும், மேக் அதைப் படிக்கும், எழுதாது. ரெண்டு பக்கமும் வேணும்னு எக்ஸ்ஃபேட் ஆக்கிடாதீங்க. அதுல ஜர்னல் கிடையாது, எழுதற நேரத்துல கரண்ட் போனா ஃபோல்டரோட போயிடும். ஃபைனல் கட் லைப்ரரியை ஏபிஎஃப்எஸ் எஸ்எஸ்டி-லதான் வைக்கணும். எக்ஸ்ஃபேட் பென் டிரைவ் முடிஞ்ச எம்பி4-ஐ விண்டோஸுக்கு எடுத்துட்டுப் போக மட்டும். ஐமெசேஜ், ஃபேஸ்டைம் உள்ள நுழையறதுக்கு முன்னாடி ஜென்எஸ்எம்பிஐஓஎஸ்-ங்கற டூல்ல எடுத்த சீரியலை ஆப்பிளோட வாரண்டி பக்கத்துல அடிச்சுப் பாருங்க. "செல்லாத நம்பர்"னு வந்தாத்தான் சரி. வேற யாரோட மேக்கோ காட்டுச்சுன்னா புதுசு ஒண்ணு எடுங்க. கான்ஃபிக் ஃபைல்ல ஆர்ஓஎம் இடத்துல உங்க லேன் கார்டோட எம்ஏசி (நெட்வொர்க்) அட்ரஸைப் போடுங்க.